கடைசியில் ஏறுகிறவன்

கண்டக்டர் என்பவன் கடைசியில்தான் ஏற வேண்டும். இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னோடு பஸ்ஸில் ஓடிய ஒருவனுக்கு இது வேதவாக்கு. கைப்பிள்ளைக்காரி, கம்பு ஊன்றிய தாத்தா, மிளகாய் மூட்டை, மூட்டைக்குச் சொந்தக்காரர், நரிக்குடி ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் அவன் ஏறுவான். படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொற்றிக்கொண்டு இரண்டு விசில் கொடுப்பான். அந்த விசிலைக் கேட்டால் என் வலது கால் என்னைக் கேட்காமலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடும்.

விருதுநகரில் கிளம்பி பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற வண்டி. நான் டிரைவர், அவன் கண்டக்டர். எனக்குத் தலைவலி கொடுக்கவென்றே டெப்போவில் அவனை என் வண்டியில் போட்டார்கள் என்று முதல் வாரம் நினைத்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதையேதான் நினைத்தேன்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "ஏலே, என்னயப் பத்தி எழுதாட்டி ஒனக்குச் சோறு எறங்காதா?" என்று கடல் கடந்து போன் போட்டுக் கேட்பான். அவன் வீட்டுக்காரி என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டதால் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காருகிறவன். முறை வைத்துக் கூப்பிட எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு தடையா என்ன?

எனக்கு டைம் முக்கியம். இத்தனை மணிக்கு அருப்புக்கோட்டை என்றால் அத்தனை மணிக்கு அருப்புக்கோட்டை. அவனுக்கு ஆள் முக்கியம். ரோட்டோரத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போவது அவனுக்குப் பாவக்கணக்கில் சேரும். வண்டிக்குள் எள் போட்டால் எள் விழாது, ஆனாலும் ஸ்டாப்பில் நாலு பேர் நின்றால் கழுத்தை வெளியே நீட்டிக் கத்துவான். "எடம் இருக்கு! எடம் இருக்கு! உள்ள வாங்க!"

எனக்கு வரும் பாருங்கள் கோபம்.

"எங்கலே இருக்கு எடம்? ஓம் மண்டைக்குள்ளயா?"

"மச்சான், எடம் சீட்டுல இல்ல. உக்காந்திருக்கவுக மனசுல இருக்கு. ஒரு ஆளு ஒரு சாண் நகந்தா இன்னொரு ஆளு உக்காந்துக்கிறலாம்."

"அவுக மனசு பெருசுதாம்ல. என் டயரு சிறுசு!"

வண்டி முழுக்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்காருவார்கள். அதுதான் அவன் சூட்சுமம். திட்டாமல், கெஞ்சாமல், சிரிக்க வைத்து நகர்த்திவிடுவான். முறைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள்கூட அவன் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஒங்க மடியில இந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றால் மறுக்க மாட்டார்கள். திருச்சுழி வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு அவரே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தன் சீட்டில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். அதில் எப்போதும் ஏதாவது ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு தை மாதத்துக் காலை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பாலவனத்தம் தாண்டி வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒற்றை விசில். நிறுத்தினேன்.

"என்னலே?"

"அந்தக் காட்டுக்குள்ள ஒரு ஆளு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்காரு மச்சான். நம்ம வண்டிக்குத்தான். பாவம், நடக்க முடியலபோல."

சரி என்று நின்றோம். ஆள் வரவில்லை. இவன் இறங்கி ரோட்டோரத்தில் நின்று, "ஐயா, வாங்க! எடம் இருக்கு! மெதுவா வாங்க, நாங்க நிக்கோம்!" என்று கூவுகிறான். ஆள் அசையவில்லை. எனக்கு டைம் போகிறது, பி.பி. ஏறுகிறது. இவன் வரப்பில் இறங்கி ஓடியே விட்டான். பாதி தூரம் போனவன் அப்படியே நின்றான். பிறகு திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"என்னலே ஆச்சு? வாராரா இல்லையா?"

"சோளக்காட்டுப் பொம்மை மச்சான்."

அன்றைக்கு வண்டி சிரித்த சிரிப்பில் நரிக்குடி வரைக்கும் ஒருவரும் வாயை மூடவில்லை. அதன் பிறகு அந்த இடத்துக்குப் 'பொம்மை ஸ்டாப்' என்றே பெயராகிவிட்டது. டிக்கெட் கேட்கும்போதே, "பொம்மைக்கு ஒண்ணு" என்பார்கள். அவனும் கூச்சமே இல்லாமல் கிழித்துக் கொடுப்பான். "பொம்மைக்கு நின்னதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல. மனுசனப் பொம்மைன்னு நெனைச்சு விட்டுட்டுப் போனாத்தான் நஷ்டம்" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தான். நான் விடவில்லை. "அடுத்த தடவ காக்காவையும் ஏத்திக்கிருவோம்ல" என்றேன்.

அவன் வீட்டுக்காரி கிராம சுகாதார நர்ஸ். தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு எங்கள் வண்டியிலேயேதான் ஊர் ஊராக இறங்குவாள். கண்டக்டர் பெண்டாட்டி என்று உட்கார இடம் கிடைக்குமா? கிடைக்கவே கிடைக்காது. முதலில் எழுப்பி நிற்க வைப்பது அவளைத்தான். அவளும் முகம் சுளிக்காமல் எழுந்து என் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொள்வாள்.

"பாருங்கண்ணே, கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படித்தான். சர்ச்சுக்குள்ள எல்லாரும் உக்காந்தாகளான்னு பாத்துக்கிட்டு வாசல்லயே நின்னாக. பாதிரி ஐயரு ரெண்டு தரம் கூப்புட்ட பெறகுதான் உள்ள வந்தாக."

"ஒன்னய யாரும்மா இவனக் கட்டச் சொன்னது?"

"அன்னைக்கு அவுக வாசல்ல நின்னதப் பாத்துட்டுத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வண்டி எடுக்கும் முன் நான் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதே நேரம் அவன் படிக்கட்டில் நின்று தலை குனிந்து வாய்க்குள் ஜெபம் சொல்லுவான். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வருவது அவன் பொறுப்பு. வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, நான் கும்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். ஒருநாள் வாயை விட்டேன்.

"ஏலே, ஒங்க சாமியோட வண்டியில எனக்கெல்லாம் எடம் இருக்கா?"

"எடம் குடுக்கது ஓனரு மச்சான். கூப்புடுறது மட்டுந்தான் கண்டக்டரு வேலை. நான் கூப்புட்டுக்கிட்டே இருப்பேன்."

பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்று வரை பிடிபடவில்லை. ஆனால் பதில் பிடித்திருந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சாப்பாடு. சாப்பிடும் முன் குடும்ப ஜெபம். நாங்கள் ஒரு ஓரமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ஜெபம் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போகிறது! விருதுநகரில் ஏறுகிறான். "ஆண்டவரே, பாலவனத்தத்துல அந்த மல்லி ஏவாரி மகனுக்கு வேலை கெடைக்கணும்" என்கிறான். அருப்புக்கோட்டையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வேண்டுகிறான். திருச்சுழியில் ஒரு ஐந்து நிமிஷம் நிற்கிறான். ஒரு ஸ்டாப் விடவில்லை. எனக்கு ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் சிரிப்பு. அப்போது பார்த்து, "ஆண்டவரே, டிரைவரு வீட்டுக்காரவுக முட்டுவலி" என்றான். என் வீட்டுக்காரி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"தெனமும்தான்" என்றாள் தங்கச்சி, அதாவது அவன் மனைவி. "நரிக்குடி வந்து சேரதுக்குள்ள கொழம்பு ஆறிப்போயிரும்ணே."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ரிட்டயர் ஆனோம். தங்கச்சி அதற்கு முன்பே. எனக்குத் திருச்சுழிப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தேன். அவனும் பக்கத்திலேயே இருப்பான், தினமும் சண்டை போட ஆள் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் சபையில் ஒரு அழைப்பு வந்தது. டான்சானியா தேசத்தில், உள்ளே, மழை இல்லாத ஒரு பக்கத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறதாம். பிரசவம் பார்க்க அனுபவமுள்ள நர்ஸ் வேண்டும், ரிட்டயர் ஆன தம்பதியாக வந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். தம்பதியாகத்தான் அனுப்புவார்கள், ஒருவர் திரும்பினால் இருவரும் திரும்ப வேண்டும், இதுதான் ஏற்பாடு.

தங்கச்சி யோசிக்கவே இல்லை. பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். சபைப் பெரியவர்கள் இவனைப் பார்த்து, "அம்மா நர்ஸ் வேலை பாப்பாக. நீங்க என்ன ஊழியம் பண்ணுவீக?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவ கூடப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் வந்து அதையே சொன்னபோது நான் சும்மா விடுவேனா?

"ஏலே, அங்க போயி நீ என்ன பண்ணுவ? பிரசங்கம் பண்ணத் தெரியுமா? பாஷை தெரியுமா? ஆப்பிரிக்காக்காரன நிறுத்தி டிக்கெட்டா கிழிப்ப?"

அவன் சிரித்தான். ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. "அதத்தான் மச்சான் நானும் யோசிக்கேன்" என்றான்.

போகும்போதே ஒரு கூத்து. வழியில் விமானம் மாற வேண்டிய ஊரில், ஒரு சீட்டு குறைகிறது, யாராவது ஒருவர் மறுநாள் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவன் என்ன ஏது என்று கேட்கவில்லை, இங்கிலீஷ் புரிந்த அளவுக்குப் புரிந்து கையைத் தூக்கிவிட்டான். தங்கச்சி உள்ளே உட்கார்ந்து பக்கத்து சீட்டுக்குக் காத்திருக்கிறாள். வந்து உட்கார்ந்தது யாரோ ஒரு கல்லூரிப் பையன்! இவனை ஒரு ஓட்டலில் படுக்க வைத்து மறுநாள் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மாலையோடு தம்பதியை வரவேற்க வந்து, பாதித் தம்பதியை வரவேற்றுக் கூட்டிக்கொண்டு போனார்களாம். தங்கச்சி போனில் இதைச் சொல்லிவிட்டு, "கடைசியா ஏறுற புத்தி ஆகாசத்துலயும் போகல்லண்ணே" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மிரண்டு ஓடியது.

ஆனால் அதன் பிறகு வந்த போன்களில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஊரைப் பற்றிச் சொன்னான். நம்ம ஊர் போலவே காய்ந்த பூமி, கம்பும் சோளமும்தான் வெள்ளாமை, ஆடு மாடு உண்டு, பானை வயிற்றோடு ஆனைப்புளி மரம் நிற்கிறது, சோளமாவில் நம்ம களி மாதிரியே கிண்டித் தின்கிறார்கள் என்றெல்லாம் சொன்னான். காலையில் எழுந்து இரண்டு பேரும் ஜெபம் பண்ணுவார்கள். தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். பிறகு? பிறகு இவனுக்கு ஒன்றும் இல்லை. பாஷை நாக்கில் ஏறவில்லை. ஒருநாள் அங்கத்திய சர்ச்சில் பேசச் சொன்னார்களாம். இவன் தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒன்று சொல்ல, பக்கத்தில் நின்றவர் அதை அவர்கள் பாஷையில் வேறு ஒன்றாகச் சொல்ல, சிரிக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் ஆமென் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி யாரும் கூப்பிடவில்லை. முற்றத்தைப் பெருக்குகிறான், தண்ணீர் தூக்குகிறான், மரத்தடியில் உட்காருகிறான். அவனைப் போய் உட்கார வைத்துவிட்டார்களே!

"மச்சான், ஓடுற டயரு அவதான். நான் ஸ்டெப்னி டயரு. சும்மா வண்டி கூட வந்திருக்கேன்."

"ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்கவே கூடாதுலே. டெப்போவுல சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சா?"

"அது பஞ்சர் ஆனாத்தான. அவ பஞ்சரே ஆக மாட்டேங்காளே!"

பேச்சென்னவோ தமாஷ்தான். ஆனால் அன்று அவன் போனை வைக்கும்போது, "ஊருக்கே வந்துரலாம்னு பாக்கேன்" என்றான். எல்லாருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தவனுக்கு ஒரு இடம் இல்லையா?

மறுநாளே தங்கச்சியின் போன். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, இவுக வந்தா நானும் வரணும். இங்க பிரசவம் பாக்க நான் ஒருத்திதாண்ணே இருக்கேன். நான் வந்துட்டா இந்தப் பிள்ளைகளுக்கு யாரு? இருன்னு அவுகளக் கட்டாயப்படுத்தவும் மனசு வரல்ல. தனியா உக்காந்திருக்கதப் பாத்தா எனக்கே அழுகை வருது. நீங்க சொன்னா கேப்பாக."

உண்மையைச் சொன்னால், அவன் வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் திருச்சுழி டீக்கடையில் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்காரலாம். ஆனால் தோளில் பெட்டியோடு அவள் ஊர் ஊராக இறங்கியது கண்ணுக்குள் நிற்கிறதே! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் போன் போட்டேன். இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

"ஏலே, அங்க வண்டி எதும் ஓடுதா?"

"ஆஸ்பத்திரி லாரி ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ஒருநா ஊர்களுக்குப் போயி, பிள்ளத்தாச்சிகளையும் ஊசி போட வேண்டிய பிள்ளைகளையும் கூட்டியாரும்."

"எல்லாரையுமா?"

"எங்குட்டு? ரோட்டுல நிக்கவுகள மட்டுந்தான். காட்டுக்குள்ள இருந்து ஓடி வாரவுக விட்டுப்போயிருவாக. பாவம், அவுக திரும்பி நடக்கணும்."

"டிரைவரு ஆளு எப்படி?"

"அச்சு அசலு ஒன்னய மாதிரி மச்சான். டைம், டைம்னு சாவான். ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

எழுந்தே நின்றுவிட்டேன். "கூறுகெட்ட மாப்ள! என்னய மாதிரி ஒரு டிரைவரு அங்க தனியாக் கெடக்கான். நீ மரத்தடியில உக்காந்து மண்ண எண்ணிக்கிட்டு இருக்கியா? விசிலு எங்கலே?"

"பெட்டிக்குள்ளதான் கெடக்கு" என்றான்.

அதன் பிறகு பல வாரம் போன் இல்லை. நான் அடித்தாலும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் டவர் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒருவேளை ஊருக்குக் கிளம்பிவிட்டார்களோ, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவானோ என்றும் ஒரு நினைப்பு. ஒருநாள் முற்பகல், திருச்சுழி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கூட டீ மாஸ்டரும், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயும் இருந்தார்கள். எல்லாருமே அவன் வண்டியில் ஏறி வளர்ந்தவர்கள்தான். போன் அடித்தது. வீடியோ கால்.

திரையில் தங்கச்சி முகம். பின்னால் வெயில், செம்மண், ஒரே இரைச்சல்.

"அண்ணே! பேச நேரமில்ல, பாருங்க, சும்மா பாருங்க!" என்று போனைத் திருப்பினாள்.

பழைய லாரி ஒன்று. அதன் பின்பக்கம் முழுக்கப் பெண்கள். கலர் கலராகத் துணி கட்டி, முதுகில் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் தூரத்துப் புதர்களுக்குள்ளிருந்து இரண்டு மூன்று பேர் ஓடி வருகிறார்கள். கீழே, அதே கண்டக்டர் காக்கிச் சட்டையில், ஆள் இளைத்துப்போய், கறுத்துப்போய், ஆனால் வாயெல்லாம் பல்லாக என் மாப்பிள்ளை! "கரிபு! கரிபு!" என்று அவர்கள் பாஷையில் வாங்க வாங்க என்கிறான். அடுத்த மூச்சிலேயே பாஷை போதாமல், "எடம் இருக்கு! எடம் இருக்கு!" என்று சுத்தமான அருப்புக்கோட்டைத் தமிழில் தொண்டை கிழியக் கத்துகிறான். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையை ஆட்டி ஏதோ திட்டுகிறான். பாஷை புரியவில்லை. ஆனால் அத்தனையும் எனக்குப் புரிந்தது.

"யா அல்லா, அங்கயும் ஆரம்பிச்சுட்டாரா!" என்றார் பாய். டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் தோள் மேல் எட்டிப் பார்த்தார். கடையில் இருந்த கூட்டம் எல்லாம் என் முதுகின் மேல்.

ஓடி வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றினான். ஒரு பெண்ணின் கையிலிருந்த பிள்ளையை வாங்கி உள்ளே நீட்டினான், அது கைக்குக் கை மாறி நடுவில் போய்ச் சேர்ந்தது. கடைசி ஆளும் ஏறியாயிற்று. இனி அவன் ஏற வேண்டும். ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தான். வைக்க ஒரு விரல்கடை இடம் இல்லை.

"அண்ணே, முன்னால டிரைவரு பக்கத்துல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு. நான் அவகூட ஏறணும், போனை லாரி மேல நிக்கிற பிள்ளைகிட்டக் குடுத்துட்டுப் போறேன்" என்றது தங்கச்சியின் குரல். போன் கை மாறியது. இப்போது லாரியின் மேலிருந்து கீழே அவன் தெரிந்தான். நின்று ஒரு நிமிஷம் லாரியைப் பார்த்தான். சந்தோஷமாகத் தலையாட்டினான். தோள் துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. இவன் நடக்கப் போகிறான். நீங்க போங்க, நான் பின்னால வாரேன் என்று சைகை காட்டிவிட்டு விசிலை வாயில் வைத்தான்.

"ஏலே, வேண்டாம்லே! வெயிலப் பாருலே!" என்று நான் கத்துகிறேன். அங்கே யாருக்குக் கேட்கும்?

அவன் ஊதவில்லை. ஊதுவதற்குள் லாரியின் மேலிருந்து ஒரு பெண் ஏதோ சொன்னாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். ஒருத்தி நகர, பக்கத்தில் ஒருத்தி நகர, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கூட்டம் ஒரு அசை அசைந்தது. லாரி விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை தெரிந்தது. பிறகு அத்தனை பெண்களும் சேர்ந்து, அவன் மாதிரியே கழுத்தை நீட்டி, அவன் மாதிரியே தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"எடம் இருக்கு! எடம் இருக்கு!"

டீக்கடையே ஓவென்று கத்தியது. பாய் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். நான் அழுகிறேனா, சிரிக்கிறேனா, எனக்கே தெரியவில்லை. மேலிருந்து நாலைந்து கைகள் நீண்டு அவன் சட்டையையும் கையையும் பிடித்து இழுத்தன. அவன் முகம் போனுக்கு வெகு பக்கத்தில் வந்தது. அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. முதல் தடவையாக ஒரு பஸ்ஸில் தனக்கு இடம் கிடைத்தவன் போல முழித்தான்.

போன் யார் கையிலிருந்தோ நழுவியது போலிருக்கிறது. திரையில் வெறும் வானம். இங்கே எங்கள் தலைக்கு மேல் இருக்கிற அதே மேகமில்லாத வானம். அதற்குள்ளிருந்து இரண்டு விசில் கேட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான், வலது காலால் தரையை அழுத்தி மிதித்தேன்.